நேபாளத்தில் சொல்லிச் செய்வித்த குக்ரி வந்து சேர்ந்தது: எவற்றைக் குறையாகக் கொள்வது?

மலைநாடன் (இங்கிலாந்து) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிழக்கு நேபாளத்தில் தரான் நகரத்துப் பட்டறை ஒன்றில் அளவு சொல்லிச் செய்யக் கொடுத்திருந்த குக்ரி என்னும் வளைந்த கத்தி சென்ற வாரம் வீடு வந்து சேர்ந்தது. முதுகை ஒட்டி ஆழமான பள்ளம் ஓடும் ஆங் கோலா வடிவம், பத்து அங்குல அலகு, சிசு மரப் பிடி, 600 கிராமுக்கு மிகாத எடை என்று கேட்டிருந்தேன். அலகைக் கண்ணாடிபோல் மெருகேற்ற வேண்டாம், உறையில் அலங்காரம் எதுவும் வேண்டாம், அலகின் இடப்பக்கத்தில் தமிழ் எழுத்தில் 'வேலன்' என்று பொறித்தால் போதும் என்றும் எழுதியிருந்தேன்.

பெட்டியைப் பிரித்ததும் எருமைத் தோலும் கிரீசும் கலந்த வாடைதான் முதலில் எழுந்தது. எண்ணெய்த் தாளை உரித்து அலகைத் துடைத்துப் பார்த்தபோது சுத்தியல் பட்ட தடங்கள் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன அலைகளாகத் தெரிந்தன. பெரிய கத்தியோடு வழக்கம்போல் இரண்டு சிறியவையும் உறையில் செருகப்பட்டிருந்தன. கூர் உள்ளது கர்தா, கூர் இல்லாதது சக்மக். வேலையின் அழகில் எனக்கு மனக்குறை ஏதுமில்லை.

ஆனால் சில செய்திகள் உறுத்துகின்றன. எடை எழுநூறு கிராமைத் தொடுகிறது, அலகும் கேட்டதைவிடக் கால் அங்குலம் கூடுதல் நீளம். பிடியைக் கண்ணுக்கு நேரே வைத்து முதுகின் வழியே பார்த்தால் முனை வலப்பக்கம் இம்மி சாய்ந்திருக்கிறது. பித்தளைப் பூணுக்கும் மரத்துக்கும் நடுவே கறுப்பாக ஏதோ பசை தெரிகிறது. உறையிலிருந்து உருவ இரண்டு கைகளும் முழு வலுவும் வேண்டியிருக்கின்றன. அரம் வைத்துப் பார்த்தேன்: வெட்டுவாயின் வயிற்றுப் பகுதியில் அரம் வழுக்குகிறது, முனைக்கு அருகிலும் பிடியை ஒட்டிய பிறைவெட்டுக்கு அருகிலும் கடிக்கிறது. பெயர் 'வேலன' என்று புள்ளி இல்லாமல் வந்திருக்கிறது. இவற்றுள் எதற்காகப் பட்டறையிடம் முறையிடலாம், எதைக் கைவேலையின் இயல்பு என்று விட்டுவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பட்டறைவாசி (கோயம்புத்தூர்) எழுதியது:

வாழ்த்துகள் ஐயா. அரம் ஓரிடத்தில் வழுக்கி ஓரிடத்தில் கடிப்பதை நீங்கள் கடைசியில் சொல்லியிருந்தாலும் நான் அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் குக்ரியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

இந்தக் கத்திகள் பெரும்பாலும் பழைய லாரி, பேருந்துகளின் கமான் பட்டையை வெட்டி அடிக்கப்படுபவை. அந்த எஃகு 5160 என்னும் வகையோ அதற்கு நெருங்கியதோ ஆகும். அதில் கரி ஏறத்தாழ 0.6 சதவீதமும் குரோமியம் 0.8 சதவீதமும் இருக்கும். பொதுவாக எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்க வேண்டிய எஃகு இது. செக்கச் சிவந்த அலகை அப்படியே தண்ணீரில் அமிழ்த்தினால் மேற்பரப்பு சட்டென்று சுருங்கி, உள்ளே ஏற்படும் இழுவிசையில் விரிசல் விட்டுவிடும். ஆகையால் நேபாளக் கொல்லர் அலகை அமிழ்த்துவதில்லை. சிவக்கக் காய்ச்சிய அலகை வெட்டுவாய் மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, தேநீர்க் கெண்டியின் மூக்கு வழியாக வெந்நீரை வெட்டுவாயின் மேல் மட்டும் மெல்லிய தாரையாக ஓடவிடுவார். வெட்டுவாய் குளிர்ந்து கடினமாகும். தடித்த முதுகில் சூடு தேங்கி நிற்கும். அந்தச் சூடு மெல்லப் பரவி வந்து வெட்டுவாயின் நொறுங்கும் தன்மையைத் தணிக்கும். எஃகின் மேல் ஓடிவரும் வைக்கோல் நிறத்தைப் பார்த்தே எப்போது நிறுத்துவது என்று அவர் முடிவு செய்கிறார். வெப்பமானி எதுவும் அங்கே கிடையாது.

அடி விழுவது வயிற்றுப் பகுதியில்தான் என்பதால் தண்ணீரும் அங்கேதான் மிகுதியாகச் செல்கிறது. நல்ல குக்ரியில் அந்த இடம் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவையில் 55 முதல் 60 வரை இருக்கலாம், முதுகு இருபதுகளிலோ முப்பதுகளிலோ இருக்கும். முனை எதையாவது குத்தி நெம்பும்போது முறியாமல் வளைய வேண்டும், பிறைவெட்டை ஒட்டிய இடம் அதிர்வைத் தாங்க வேண்டும். அரம் வழுக்கும் இடம் கடினமானது, கடிக்கும் இடம் மென்மையானது. எனவே உங்கள் அரம் சொன்னது நல்ல செய்தி. வயிற்றுப் பகுதியிலும் அது கடித்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கறுப்புப் பசை அரக்குக் கலவை. நேபாளத்தில் அதை லாஹா என்பார்கள். பிடியில் துளையிட்டு அரக்கை நிரப்பி, அலகின் வாலைக் காய்ச்சி உள்ளே செலுத்துவார்கள். பூணின் ஓரத்தில் சிறிது பிதுங்கி நிற்பது வழக்கம். மரத்தை ஒரு கையாலும் அலகின் முதுகை மறு கையாலும் பற்றி முறுக்கிப் பாருங்கள், அசைவில்லாமல் இருந்தால் போதும். வெயிலில் நிற்கும் காரிலோ கணப்பு அருகிலோ மட்டும் வைத்துவிடாதீர்கள், அரக்கு இளகிவிடும்.

உறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உறை என்பது இரண்டு மரத் துண்டுகளைச் சேர்த்து மேலே தோல் போர்த்தியது. வெட்டுவாய் இருக்கும் பக்கத்தைச் சுற்றி விரல்களை மடக்கிக்கொண்டு பலங்கொண்டு உருவினால், அலகு அந்த இணைப்பைப் பிளந்துகொண்டு உள்ளங்கைக்கு வந்துவிடும். முதுகுப் பக்கத்தை மட்டும் உள்ளங்கையில் தாங்கி, முதுகு உறையின் மேல் உராய்ந்துகொண்டே வரும்படி உருவுங்கள். இறுக்கம் சில வாரங்களில் தானே குறையும்.

செங்குன்றன் (டொரோண்டோ) எழுதியது:

பட்டறைவாசி விளக்கியவை அனைத்தும் சரி. ஆனால் ஒன்றை நான் ஏற்க மாட்டேன். 'கைவேலை' என்று சொல்லிவிட்டால் எந்தக் குறையும் குறையல்ல என்னும் வழக்கம் இந்தத் துறையில் பெருகிவிட்டது. கடையில் கிடப்பதை வாங்கியவருக்கு அந்தப் பதில் பொருந்தலாம். மலைநாடன் எழுத்தில் அளவு கொடுத்து, அதற்கென்று கூடுதல் தொகையும் கட்டியிருக்கிறார். 600 கிராமுக்கு மிகக் கூடாது என்று கேட்டவருக்கு நூறு கிராம் மிகுதியாக வந்தால், அந்தக் கத்தியின் கைப்பாங்கே வேறு. கால் அங்குல நீளத்தை விட்டுவிடலாம், எடையை விடக் கூடாது. பெயரில் புள்ளி விடுபட்டதையும் விடக் கூடாது, படம் வரைந்து அனுப்பியிருந்தால் அதைப் பார்த்துத்தானே பொறிக்க வேண்டும்?

முனை சாய்ந்திருப்பதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஒரு நூலைப் பிடியின் அடிக்குமிழிலிருந்து முனைவரை இழுத்துப் பிடித்து முதுகோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகல் வெட்டுவதைப் பாதிக்காது. அதற்கு மேல் போனால் தோய்க்கும்போது அலகு திருகியிருக்கிறது என்று பொருள்.

கோசிக்கரை (காத்மாண்டு) எழுதியது:

பணியின் பொருட்டுச் சில ஆண்டுகள் தரானில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பிரிட்டிஷ் கூர்க்கா படைக்கு ஆள்சேர்க்கும் முகாம் அந்த ஊரில் நெடுங்காலம் இருந்தது. முகாம் நின்ற வளாகத்தில் இப்போது பி. பி. கொய்ராலா மருத்துவ அறிவியல் நிறுவனம் நடக்கிறது. படைக்குச் சென்றவர்களும் ஓய்வு பெற்றுத் திரும்பியவர்களும் வாங்கியதில் குக்ரிப் பட்டறைகள் அங்கே நிலைபெற்றன. போஜ்பூர், சைன்பூர் போன்ற கிழக்கு மலை ஊர்களின் பெயரிலேயே வடிவங்கள் வழங்குவதை இங்குள்ள பலர் அறிவீர்கள்.

நான் பார்த்த பட்டறைகளில் பட்டடைக்கல் என்பது பெரும்பாலும் தரையில் புதைத்த கனத்த இரும்புத் துண்டு, சில இடங்களில் பெரிய சம்மட்டித் தலையே பட்டடையாக நிற்கும். கொல்லர் தரையில் அமர்ந்திருப்பார், எதிரே ஒருவர் நின்று சம்மட்டி போடுவார். அராவும்போது பிடிப்பு இடுக்கிக்குப் பதிலாகக் கால்விரல்களே அலகைப் பிடித்துக்கொள்ளும். எடையைப் பொறுத்தவரை, கமான் பட்டையின் தடிப்பே முதலில் முடிவு செய்கிறது. தடித்த பட்டை கையில் இருந்தால் அதை அடித்து மெலிதாக்கக் கூடுதலாகப் பலமுறை காய்ச்ச வேண்டும், அதற்குக் கரியும் கூலியும் ஆகும். அதைச் செய்ய விரும்பாத பட்டறை கனத்தை அப்படியே விட்டுவிடும். ஆகையால் எடையில் செங்குன்றன் பக்கமே நான் நிற்கிறேன். இருநூறு கிராம் வேறுபாட்டைக்கூட 'வலுவாக இருக்கட்டும் என்று செய்தோம்' என்று சொல்லி அனுப்பும் கடைகளை நான் கண்டிருக்கிறேன்.

புள்ளியைப் பற்றிச் செங்குன்றன் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டார் என்று நினைக்கிறேன். தேவநாகரி எழுதிப் பழகிய ஒருவர், தான் படிக்கத் தெரியாத எழுத்தைச் சிற்றுளியால் எஃகில் கொத்தும்போது, எழுத்தின் தலைக்கு மேல் நிற்கும் ஒரு புள்ளியைப் படத்தில் விழுந்த அழுக்கு என்று எண்ணியிருக்கக் கூடும்.

இனிமேல் செய்யக் கொடுப்பவர்களுக்கு ஒன்று. செப்டம்பர் 17 அன்று வரும் விஸ்வகர்மா பூஜையில் தொடங்கி, தசைன், திஹார் பண்டிகைகள் முடியும்வரை பட்டறைகள் சீராக இயங்குவதில்லை. நமக்கு ஆயுத பூஜையான அதே நவமியில் அங்கும் கருவிகளுக்கும் வண்டிகளுக்கும் பூசை நடக்கிறது. அந்தப் பருவத்தில் அவசரப்படுத்தினால் அவசர வேலைதான் கிடைக்கும்.

மேகலை (யாழ்ப்பாணம்) எழுதியது:

அளவையும் எடையையும் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறவர்கள், கட்டிய தொகையில் எவ்வளவு உலைக்கு முன் அமர்ந்தவரிடம் போய்ச் சேர்ந்தது என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா? குக்ரி செய்பவர்கள் பெரும்பாலும் காமி என்றும் விஸ்வகர்மா என்றும் அழைக்கப்படும் கொல்லர் சமூகத்தினர். 1854-ஆம் ஆண்டு நேபாளத்தின் முலுகி ஐன் சட்டம் அவர்களைத் தீண்டத்தகாதோர் வரிசையில் வைத்தது. 1963-இல் வந்த புதிய முலுகி ஐன் அந்தச் சட்ட ஏற்பை நீக்கியது. தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக வரையறுத்த தனிச் சட்டம் 2011-இல்தான் வந்தது. மலைக் கிராமங்களில் பாலி கரே என்னும் முறைப்படி, ஆண்டு முழுவதும் அரிவாளும் கலப்பைக் கொழுவும் செய்து கொடுத்த கொல்லருக்கு அறுவடையில் ஒரு பங்கு தானியமே கூலி. நாட்டின் அடையாளம் என்று கொண்டாடப்படும் பொருளைச் செய்தவர், அதை வாங்கியவர் வீட்டுக்குள் நுழைய முடியாமல் இருந்த காலம் அது.

இன்று சில விற்பனையாளர்கள் அலகைச் செய்த கொல்லரின் பெயரையும் படத்தையும் வெளியிடுகிறார்கள். கேட்டால் கூலி எவ்வளவு என்றும் சொல்கிறார்கள். மலைநாடன் அண்ணா, உங்கள் அலகில் செய்தவரின் முத்திரை ஏதேனும் இருக்கிறதா? பட்டறைக்கு எழுதும்போது, மறுவேலைக்கான கூலி கொல்லரின் கணக்கில் கழிக்கப்படுமா, விற்பனையாளர் ஏற்பாரா என்றும் கேளுங்கள்.

மலைநாடன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நூல் பிடித்துப் பார்த்தேன், விலகல் இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்குகிறது. பிடியில் அசைவில்லை. மேகலை கேட்ட முத்திரை பிறைவெட்டுக்கு மேலே இருக்கிறது, தேவநாகரியில் இரண்டு எழுத்துகள்.

ஆனால் இன்று சாளரத்தின் அருகே வைத்துப் பார்த்தபோது புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. வயிற்றுப் பகுதியில், வெட்டுவாயிலிருந்து மேல்நோக்கி ஒரு நகத்தின் உயரத்துக்கு, முடியை ஒட்டிவைத்ததுபோல் ஒரு கோடு. ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மிக மங்கலாகவும் தெரிகிறது. நகத்தால் கீறினால் தட்டுப்படவில்லை. சாணை பிடித்தபோது விழுந்த கீறலா, வேறு ஏதாவதா? படம் இணைத்துள்ளேன்.

பட்டறைவாசி எழுதியது:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாணைக் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருக்கின்றன, இது மட்டும் வெட்டுவாய்க்குச் செங்குத்தாக நிற்கிறது. உறுதி செய்யும்வரை இந்தக் கத்தியால் எதையும் வெட்ட வேண்டாம். விளையாட்டாக ஒரு கட்டையில்கூட அடித்துப் பார்க்க வேண்டாம்.

வீட்டிலேயே சோதித்துவிடலாம். நம் ஊர் இயந்திரப் பட்டறைகளில் வார்ப்புகளில் விரிசல் தேடுவதற்கு நெடுநாளாகச் செய்துவரும் முறைதான். அந்த இடத்தை ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் அதன்மேல் போட்டு வையுங்கள். பிறகு உலர்ந்த துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டு, சாக்பீசை நன்றாகப் பொடித்து மெல்லிய பூச்சாகத் தூவுங்கள். வெறும் கீறலானால் பொடி வெண்மையாகவே இருக்கும். விரிசலானால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, அந்தக் கோடு பொடியின் மேல் ஈரமாக எழும்பும்.

முன்பு நான் சொன்ன கெண்டி முறையில் இப்படிப்பட்ட விரிசல் அரிதாகவே நேரும், ஆனாலும் நேரும். தண்ணீர் போதுமான சூடின்றி இருந்தாலோ, அலகு மிகையாகக் காய்ந்திருந்தாலோ, பழைய கமான் பட்டையில் பல ஆண்டு ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத களைப்பு விரிசல் முன்பே இருந்தாலோ இது வரலாம். மூன்றாவதில் கொல்லர்மேல் குற்றமே இல்லை. எப்படியிருந்தாலும் வாங்கியவருக்கு விளைவு ஒன்றுதான்: வயிற்றில் விரிசலுள்ள குக்ரி அடிக்கும்போது பிறைவடிவத் துண்டாகத் தெறித்துப் போகும், அது எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

புதியவன்_மதுரை எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். இதுபோல் ஒன்றை மதுரைக்கு வரவழைக்க முடியுமா? மேலும், உறையிலிருந்து எடுத்தால் இரத்தம் காட்டாமல் திரும்ப வைக்கக் கூடாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், உண்மையா?

கோசிக்கரை எழுதியது:

இரண்டாவதற்கு முதலில். நேபாள மலை வீடுகளில் குக்ரியால் விறகு பிளக்கிறார்கள், மூங்கில் சீவுகிறார்கள், இறைச்சி வெட்டுகிறார்கள், பூசணிக்காயும் நறுக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் இரத்தம் காட்ட வேண்டுமானால் சமையல் நடந்தாற்போலத்தான். இது சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் கதை.

சட்டத்தைப் பொறுத்தவரை கவனம் தேவை. இந்தியாவின் ஆயுத விதிகள், 2016-இன் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகையில் குக்ரி பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் அதில் வருகின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் உங்கள் பொட்டலம் எந்தக் கணக்கில் சேரும் என்பதைச் சுங்க அதிகாரி தீர்மானிப்பார். உங்கள் மாவட்டத்தில் என்ன நடைமுறை என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகு பணம் கட்டுங்கள். மலைநாடன் இருக்கும் இங்கிலாந்தில் 2008-ஆம் ஆண்டு ஆணை வளைந்த வாள்களைத் தடுத்தாலும், அது 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள அலகுகளுக்கே. பிடியின் தலையிலிருந்து முனைவரை நேர்கோட்டில் அளப்பார்கள். பத்து அங்குலக் குக்ரி அதில் பாதிதான்.

மலைநாடன் எழுதியது:

பட்டறைவாசி ஐயா சொன்னபடி செய்தேன். இங்கே மண்ணெண்ணெய் பாரஃபின் என்ற பெயரில் கிடைக்கிறது. சாக்பீஸ் பொடியைத் தூவிய சிறிது நேரத்தில் கோடு சாம்பல் நிறத்தில் எழும்பிவிட்டது. மறுபக்கமும் அதே இடத்தில் எழும்பியது. ஆக, விரிசல் அலகை ஊடுருவியே இருக்கிறது.

இரண்டு பக்கப் படங்களையும் எடை காட்டும் படத்தையும் பட்டறைக்கு அனுப்பினேன். வாதமே செய்யவில்லை. வேறு அலகு அடித்துத் தருவதாகவும், பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்றும், அது யார் கைக்கும் போகாதபடி வெட்டுவாயை அறுத்து அந்தப் படத்தை மட்டும் அனுப்பினால் போதும் என்றும் பதில் வந்தது. மேகலை கேட்கச் சொன்னதையும் கேட்டேன். தோய்ப்பில் உடையும் அலகுக்கும் கொல்லருக்குக் கூலி உண்டு, ஆனால் பட்டறையை விட்டு வெளியே போன பிறகு தெரியவரும் விரிசலுக்கு இதுவரை தெளிவான வழக்கம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். இந்த முறை செலவை விற்பனையாளரே ஏற்பதாகச் சொன்னார்கள்.

செங்குன்றன் எழுதியது:

நல்ல பட்டறை. ஆயினும் புதிய அலகுக்கு எடையை மீண்டும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். உறையும் பிடியும் சேராமல் அலகு மட்டும் எவ்வளவு இருக்கும் என்றும் கேளுங்கள். பிடி போட்ட பிறகு குறைக்கச் சொன்னால் முதுகைச் சாணையில் தேய்த்துத்தான் குறைப்பார்கள், பள்ளத்தின் அழகு போய்விடும். பிடி பொருத்துவதற்கு முன் அலகைத் தராசில் வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்வது நலம். மண்ணெண்ணெய்ச் சோதனையை அவர்களே செய்து அனுப்பும்படி கேட்பதிலும் தவறில்லை, அவர்களுக்கும் அஞ்சல் செலவு மிச்சம்.

மேகலை எழுதியது:

தெளிவான வழக்கம் இல்லை என்பதே என் கேள்விக்கான விடை என்று எடுத்துக்கொள்கிறேன். வழக்கம் இல்லாத இடத்தில் நட்டம் யார் தலையில் விழும் என்பது தெரிந்ததுதான். இருந்தாலும், கேட்டதற்காகவும் கேட்டதை இங்கே எழுதியதற்காகவும் நன்றி அண்ணா.

பட்டறைவாசி எழுதியது:

புள்ளிக்கு ஒரு வழி சொல்கிறேன். பொறிப்பு முதுகை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. அங்கே எஃகு மென்மையாக இருக்கும் என்று முன்பே பார்த்தோம். ஆகையால் சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனைக் கருவியை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி அடித்தால் புள்ளி விழுந்துவிடும், வெட்டுவாய்க்கு ஒன்றும் ஆகாது. புதிய அலகில் அவர்கள் மீண்டும் தவறவிட்டாலும் நீங்களே வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அடியில் கட்டையைத் தாங்கலாக வைத்து, முதலில் அந்தப் பழைய அலகில் பழகிப் பாருங்கள்.

புதியது வந்ததும் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்துவிட வேண்டாம். தோல் பதனிட்ட உப்பும் ஈரமும் சேர்ந்து அலகைத் துருப்பிடிக்கச் செய்யும். தையல் இயந்திர எண்ணெயை மெல்லப் பூசி, வெளியே எடுத்துத் துணியில் சுற்றி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், உங்கள் ஊர்க் குளிரில் உறைந்துவிடும்.